ரகசிய ஓட்டு

வெளியூரிலிருந்து கருத்துக்கணிப்புக்கு வந்த பெண் கேள்வித்தாளைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என் சம்சாரம் யாருக்கு ஓட்டுன்னு சொன்னா?"

"அதை வெளியில சொல்லக் கூடாது சார்."

"போன தடவை யாருக்கும் மெஜாரிட்டி வராம ஆட்சியே இழுபறியாச்சே, ஞாபகமிருக்காம்மா?"

"இருக்கு சார். ஒரே ஒரு சீட்டுதான் குறைஞ்சுது. யாரோ ஒருத்தர் ஒரே ஓட்டுல தோத்துட்டாராமே."

"அந்த யாரோ நான்தான். அன்னியிலேர்ந்து இவ மேலதான் எனக்குச் சந்தேகம்."

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நான் உங்களுக்குத்தான் போட்டேன். நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார்.

"நமக்கு நாமே போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்னு, எதிர்த்து நின்னவருக்கே போட்டுட்டேன்மா."