சாவு விழாத வீடு

"டாக்டர் கையை விரிச்சிட்டாராமே?" வாசலில் நின்றபடியே கேட்டார் வீட்டுக்காரர் மணிமாறன்.

"ஆமாங்க. இனிமே ஆஸ்பத்திரியில வெச்சுப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாரு" என்றாள் அமல்ராணி. கீழ் வீட்டில் குடியிருப்பவள். அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. உள்ளே கட்டிலில் பெரியவர் இருமினார்.

"அப்ப ஜல்தியா வேற வீடு பாருங்க. சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் எவன் வாடகைக்கு வருவான்?"

"திண்டிவனத்துல இப்ப விக்கிற வாடகைக்கு நாங்க எங்கங்க போவோம்? அதுவும் படுக்கையா ஒருத்தர் இருந்தா யாரும் வீடு குடுக்க மாட்டாங்க."

"இத்தினி வருஷமா வாடகையை ஏத்தாமதானே வெச்சிருந்தேன். இன்னும் என்ன பண்ணச் சொல்றீங்க?"

அமல்ராணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சரிங்க, நாளைக்கே காலி பண்ணிடறோம். உங்க அப்பாவைப் பாத்துக்கினு இருந்ததாலதானே வாடகையை ஏத்தாம விட்டீங்க. இப்ப அவரை மாடிக்குக் கொண்டாந்து விட்டுடட்டுமா?"

மணிமாறன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாடியும் என் வீடுதானேம்மா. நீங்க போற எடத்துக்கே கூட்டிக்கினு போங்க. படுக்கைன்னு சொல்லாதீங்க, உங்க அப்பான்னு சொல்லிக்குங்க. வாடகை நான் குடுத்துடறேன். முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க, கொள்ளி வெக்க வந்துடறேன்."

உள்ளே இருமல் அடங்கியிருந்தது. பெரியவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அமல்ராணி கொஞ்சம் யோசித்தாள்.

"அட்வான்ஸும் நீங்கதானே குடுப்பீங்க?"