சாம்பிள் பொட்டலம்

தானியக் கடைக்காரர் மகன் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து டாக்டரின் மேஜைமேல் பிரித்தான்.

உள்ளே ஒரு கடுகு, ஒரு மிளகு, ஒரு பட்டாணி.

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி இது சார். போன வருஷம் இது. இப்போ பெரிசு மட்டும் இந்த அளவு.”

சாம்பிள் காட்டாமல் சரக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று வளர்ந்தவன். தவிர, அந்த இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வதைவிடப் பட்டாணியை நீட்டுவது சுலபம்.

இதுவரை இரண்டு பெண் பார்த்து, இரண்டையும் நொண்டிச் சாக்கு சொல்லித் தட்டிக் கழித்தாயிற்று. மூன்றாவது வீட்டுக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணை அவனுக்கு நிஜமாகவே பிடித்துத் தொலைத்துவிட்டது. இல்லாவிட்டால் டாக்டர் வரை வந்திருக்கவே மாட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் விளக்கடியில் பார்த்தார். கட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் உருட்டினார். விதைப்பைக்குள் இருக்கும் விதைகளில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தனியாகத் தேடினார். இல்லை.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். விதைப்பையின் தோலில் வரும் சாதாரணக் கட்டிகள். தோலின் கசடு தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். புற்று இல்லை. யாருக்கும் தொற்றாது. பிள்ளை பிறப்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குத்தக் கூடாது, பிதுக்கக் கூடாது. சிவந்தாலோ வலித்தாலோ மடமடவென்று பெருத்தாலோ வந்து காட்ட வேண்டும்.

மருந்து?

வேண்டாம்.

ஒரு களிம்பாவது?

அதுவும் வேண்டாம்.

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. ஏழு வருஷப் பயத்தைக் கொண்டுவந்து கொட்டினால், மனுஷன் வெறுங்கையோடு அனுப்புகிறாரே. கதவு வரை போய், பின்னாலிருந்து கூப்பிடுவார் என்று கொஞ்சம் நின்றான். கடைத்தெருவில் பேரம் படியாமல் நடந்தால் கட்டாயம் கூப்பிடுவார்கள். டாக்டர் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மகனுக்கு வயிற்றுவலி என்று நம்பித் துணைக்கு வந்தவர்.

அப்பாவிடம் பேசுகிற விஷயமில்லைதான். ஆனால் நிம்மதி நாக்கை அவிழ்த்துவிட்டது. வயிற்றுவலி இல்லை, அந்த இடத்தில் தோலில் சின்னச் சின்னக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லையாம், பெண் வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று ஒரே மூச்சில் கொட்டினான்.

எதற்கும் எதிர்க்கேள்வி கேட்டே பழகிய அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“வெள்ளையா... உருட்டினா நழுவுமே, அதுவா?”

நிறத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஆமாம் என்றான்.

“கூட இருக்கறவங்களுக்கு ஒட்டிக்காதாடா?”

ஒட்டவே ஒட்டாதாம்ப்பா என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

அப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவன் பிறந்த மறுவருஷத்திலிருந்து அவர் கடையிலேயே படுத்துக்கொள்கிறார். முப்பது வருஷமாகச் சொந்தபந்தம் மொத்தமும் அதைத் தொழில் பக்தி என்று மெச்சிக்கொண்டிருக்கிறது.

அம்மா மட்டும் இதுவரை ஒரு வார்த்தை மெச்சியதில்லை.