மூன்றாவது கியர்

"என்ன மாஸ்டர், இதுக்கு என்ன நோய்?"

வெள்ளை நிற ஸ்டேஷன் வேகனின் அடியிலிருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன. பிறகு ஒரு டார்ச் விளக்கு வந்தது. கடைசியாக முதிய மெக்கானிக் வந்தார்.

"பொறுங்க. பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"நீங்க பார்க்கிறதுதானே பிரச்சினையே! இதோட பத்து வண்டி. அன்னைக்கே இத்தனை குறை பார்த்திருந்தா உங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்றார் பழைய கார் விற்பவர்.

மெக்கானிக்கின் மருமகள் சிரித்தாள். அவள் கையில் ஆறடி நீளத் திரைச்சீலைக் கம்பி ஒன்று இருந்தது. வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து, கம்பியோடு கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். கம்பியைப் படுக்கவைக்கும் அளவுக்குப் பின்பக்கம் நீண்ட கார், தினமும் ஓட்டினாலும் தாங்குகிற கார், அதுவும் மலிவான கார் வேண்டும் என்றுதான் மாமனாரைத் தேடி வந்தாள்.

"இன்னைக்கும் பஸ்ல சண்டை மாமா. கம்பிக்குத் தனி டிக்கெட் எடுக்கணுமாம். 'அதுவும் நின்னுக்கிட்டுத்தானே வருது'ங்கிறார் கண்டக்டர்."

அவரும் சிரித்தார், ஆனால் உள்ளே சுருக்கென்றது. இதுவரை வேண்டாமென்று தள்ளிய ஒன்பது வண்டிகளில் ஐந்தில் எந்தக் குறையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மகன் காய்ச்சலில் போய்ப் பத்து மாதம் ஆகிறது. மகன் என்ற சொல் நடுவில் நின்றவரை மாமனார், மருமகள் என்ற இரண்டு சொற்களுக்கும் பொருள் இருந்தது. இப்போது, ஊரின் மறுகோடியில் தனியாகக் குடியிருக்கும் ஒரு பெண் இந்தக் கிழவனைத் தேடி வர என்ன காரணம் மிச்சமிருக்கிறது? ஒன்றே ஒன்றுதான்: கார். ஞாயிறுதோறும் காலையில் வருவாள். அவர் சமைத்ததைச் சாப்பிடுவாள். உப்புக் கூடியிருந்தாலும் சொல்லமாட்டாள். இருவரும் அவனைப் பற்றிப் பேசுவார்கள். மாலையில் வண்டி பார்த்துவிட்டு, அங்கிருந்தே கிளம்பிவிடுவாள்.

வண்டி அமைந்துவிட்டால் அந்த ஞாயிறும் இல்லை.

"ஆமா, அந்தச் சாம்பல் நிற வண்டி எங்கே?" என்று பேச்சை மாற்றினார். மூன்றாவது கியரில் சத்தம் வருகிறது என்று ஆறு வாரங்களுக்கு முன் அவர் கதை கட்டிய வண்டி அது.

விற்பவர் ஒரு கணம் மருமகளைப் பார்த்தார். "அது... வித்துப்போச்சு மாஸ்டர்."

"யாரோ நல்லா ஏமாந்துட்டாங்க."

"பாவம்" என்றாள் மருமகள்.

வெள்ளை வண்டியை அவளே ஓட்டினாள். அவர் பக்கத்தில் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். என்ஜின், கிளட்ச், ஸ்டியரிங், பிரேக், எதிலும் ஒரு முனகல்கூட இல்லை. திரும்பி வந்ததும், இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் ஒரே முயற்சியில் பின்னோக்கி நுழைத்து நிறுத்தினாள்.

"பரவாயில்லையே! அவன் கத்துக்கொடுத்தது. இத்தனை நாள் ஓட்டாம இருந்தும் கை மறக்கலையே."

"மறக்குமா மாமா?"

பின்கதவைத் திறந்து கம்பியை உள்ளே தள்ளினாள். அது அளவெடுத்துச் செய்ததுபோல் படுத்துக்கொண்டது. அவள் தோளைத் தேய்த்துக்கொண்டதை அவர் பார்த்தார். கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நெரிசலில் அவள் நிற்பது கண்முன் வந்தது. மகனையே விட்டுக்கொடுத்தாயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியாதா?

"எடுத்துக்கோம்மா." பின்கதவைச் சாத்தினார். "நல்ல வண்டி. குறையே இல்ல."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல மாமா. பிரேக் பிடிச்சா இடது பக்கம் இழுக்குது."

"இழுக்கலையேம்மா! பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?"

"இழுக்குது. உங்களுக்கு வயசாயிடுச்சு, தெரியல. இது வேண்டாம் மாமா. அடுத்த ஞாயிறு வேற பார்க்கலாம். பஸ் போயிடும், நான் வர்றேன்."

அவர் முகத்தைப் பார்க்காமலே வேகமாக வெளியேறினாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிரேக் பிடித்தால் நூல் பிடித்ததுபோல் நிற்கும் வண்டி அது. அப்படியானால் அவருடைய பொய்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கத்தை மீறிச் சந்தோஷம் வந்தது. கடைசியில் இரண்டையும் தள்ளிவிட்டு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கிழவனின் தனிமைக்காக அவள் இன்னும் ஒரு வாரம் அந்தக் கம்பியோடு பஸ்ஸில் இடிபட வேண்டும்.

கம்பி! அதை வண்டிக்குள்ளேயே விட்டுப் போயிருந்தாள்.

உருவி எடுத்துக்கொண்டு, முழங்கால் அனுமதித்த வேகத்தில் பின்தொடர்ந்தார். தெருவில் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அவள் இல்லை. அதைத் தாண்டி, அடுத்த தெருத் திருப்பத்தில், மரத்தடியில் நின்ற ஒரு காருக்குள் ஏறிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் நீண்ட கார். கண்ணாடி வழியே திரைச்சீலைச் சுருள்களும் ஐந்தாறு கம்பிகளும் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் கிடந்த திரைத்துணியின் நுனியை எடுத்து அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

கூப்பிடத் திறந்த வாயை மூடிக்கொண்டு, அவர் கம்பியோடு மரத்தின் பின்னால் ஒதுங்கினார்.

அந்தச் சாம்பல் நிற வண்டி அவரைக் கடந்துபோய் மூன்றாவது கியருக்கு மாறியது, சத்தமே வரவில்லை.