மரத்துப்போன வாய்

தொப்பியை நெற்றிவரை இறக்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு, கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தான் அவன். பெயர் கேட்டபோது அண்ணன் பெயரைச் சொன்னான்.

பல் டாக்டர் மாஸ்க்கை மட்டும் இறக்கச் சொல்லி, அவன் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "சொத்தை ஆழம்தான். ஆனா பல்லைக் காப்பாத்திடலாம்."

ஊசி போட்டதே தெரியவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் நல்ல பல்லையும் பிடுங்கிடுவேன்னு ஊரெல்லாம் பேச்சு. நீங்க கேள்விப்படலையா?"

அவன் காது சிவந்தது. வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தான்.

வேலை முடிந்ததும் பர்ஸை எடுத்தான்.

"உள்ள வைங்க. எதிர் கிளினிக் டாக்டர்கிட்டயே ஃபீஸ் வாங்கினா நல்லாவா இருக்கும்?"

அவன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவன்தான்.

"எனக்கும் ரொம்ப நாளா கடைவாய்ப் பல் வலி," என்றாள் அவள், கையுறையைக் கழற்றியபடி. "நம்ம பல்லை நாமே பார்த்துக்க முடியுதா? உங்ககிட்ட வரத்தான் கூச்சமா இருந்துச்சு. நாளைக்கு வரட்டுமா?"

அவன் தலையாட்டினான்.

"நீங்க ஜன்னல்ல நின்னு இந்தப் பக்கமே பார்க்கறதும் எனக்குத் தெரியும்." அவள் சிரித்தாள். "ஒண்ணு மட்டும். நல்ல பல்லைப் பிடுங்கிடாதீங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். மரத்துப்போன உதட்டோரம் எச்சில்தான் வழிந்தது.

அவளே பஞ்செடுத்துத் துடைத்துவிட்டாள்.