எட்டுப் பேருக்குச் சோறு

“ஏட்டி, ஒனக்குக் குளிர் தாங்குமா?”

தை மாதத்தில் ஒருநாள் அக்கா கேட்டாள்.

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளிடம் யாரும் கேட்காத கேள்வி. தாங்கும் என்று தலையாட்டினாள். எந்தக் குளிர் என்றுகூடக் கேட்கவில்லை.

லடாக் என்று அக்காவே சொன்னாள்; அன்றிலிருந்து மனசால் அவள் அங்கேதான் இருந்தாள்.

அங்கே பார்க்கப் போகிற புத்த மடத்துத் திருவிழா நம் காலண்டரில் வராது. அவர்கள் மாதக் கணக்கு வேறு. மடத்திலிருந்து நாள் தெரியும்வரை அத்தான் லீவும் எழுத முடியாமல், டிக்கெட்டும் எடுக்க முடியாமல் போனும் கையுமாக அலைந்தார். ஆனியில் என்று முடிவானதும் நண்பர்கள் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன.

அவள் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தத் திருவிழா வீடியோக்களைப் பார்த்தாள்.

கொம்பு வைத்த முகமூடிகள். தரையைக் கூட்டும் பட்டு அங்கி. ஒற்றைக் காலில் நின்று மெல்லத் திரும்பும் பிக்கு.

ஆட்டத்துக்கும் முன்னால், விடிகிற நேரத்தில், மடத்துச் சுவரில் ஒரு துணி இறங்கும். சுவர் மறைகிற அளவுக்கு ஓவியம் தீட்டிய துணி. வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். மறுபடி பார்க்கப் பன்னிரண்டு வருடம்.

“நம்ம மகாமகம் மாதிரி,” என்றார் அத்தான்.

ஒருநாள் அடுப்படியில் ஒற்றைக் காலில் திரும்பிப் பார்த்தாள். திரும்பிய பக்கம் அக்கா நின்றிருந்தாள்.

“பள்ளிக்கூடம் போக வெக்கப்பட்டு மூலைல ஒக்காந்தவளா இது? ஆட்டத்தப் பாரு, ஆட்டத்த.”

அவள் காலைக் கீழே வைத்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் எல்லாரும் வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அத்தான் பயணத் திட்டம் எழுதிய பேப்பரை விரித்து வாசித்தார். அவள் டீத் தட்டோடு நின்றாள்.

“அங்கன நூடுல்ஸக் கஞ்சித் தண்ணில போட்டுத் தாராவளாமே,” என்றாள் அத்தானுடைய நண்பரின் மனைவி. “எங்க வீட்டு ஐயாவுக்கு அது ஆவாது பாத்துக்கிடுங்க.”

“அதுக்குத்தான நம்ம ஆளு வாரா,” என்றாள் அக்கா.

நம்ம ஆளு.

அவள் தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டினாள்.

“இருட்டோட நாம மடத்துக்குப் போயிரணும்,” என்றார் அத்தான். “திரும்பி வரும்போது கூடாரத்துல சோறு தயாரா இருக்கணும். அடுப்பு கூடாரக்காரன் குடுப்பான், பாத்திரம் நம்மதுதான். குக்கர மறந்துராதீங்க. அந்த ஒசரத்துல நாள் பூரா கொதிச்சாலும் அரிசி வேகாது. பக்கத்துல கடையும் கெடையாது.”

இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

“யக்கா, அந்தத் துணி எறக்குறத மட்டும் பாத்துட்டு ஓடி வந்து ஒலை வைக்கட்டா?”

அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

“வேடிக்க பாக்கவா ஒனக்கு டிக்கெட் போட்டுருக்கு? எட்டுப் பேருக்குச் சோறு யாருட்டி பொங்குவா? அந்த மொகமூடி வந்து பொங்குமோ?”

கூடமே சிரித்தது. நண்பரின் மனைவிக்குச் சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

அவள் குனிந்து துடைத்தாள். நிமிர வெகு நேரமாயிற்று.

சாயங்காலம் மூட்டை கட்டினாள். அரிசி. பருப்பு. சாம்பார்ப் பொடியை இரண்டு கவரில் போட்டு நூலால் இறுக்கினாள். ஊறுகாய்.

கடைசியில் குக்கர். துண்டில் சுற்றிப் பைக்குள் இறக்கினாள்.

“குக்கர் வச்சியாட்டி?”

“வச்சாச்சுக்கா.”

“விசிலு?”

“உள்ள கெடக்கு.”

அக்காவுக்கு நம்பிக்கையில்லை. வந்து பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே விசில் கலகலத்தது. போய்விட்டாள்.

விடியற்காலை வேன் வந்தது.

“எல்லாம் எடுத்தாச்சான்னு அடுப்படிய ஒருதடவ பாத்துட்டு வா,” என்றார் அத்தான்.

போய்ப் பார்த்தாள்.

கேஸ் மூடியிருந்தது. குழாய் சொட்டவில்லை.

ஜன்னலோரத்து ஆணியில் குக்கர் மூடியின் ரப்பர் தொங்கியது. மத்தியானம் சமைத்து முடித்ததும் கழுவி மாட்டுகிற இடம். அது இல்லாமல் மூடி இறுகாது, ஆவி நிற்காது.

தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

அதை ஆணியிலேயே விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

“எல்லாம் சரியா இருக்காட்டி?” அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள்.

அவள் அக்காவைக் கடந்து போய் வேனில் ஏறிக்கொண்டாள்.