மூன்று வருஷத்துக்கு முந்தைய படம்

"மூச்சை நல்லா இழு. பிடி. ம்... இப்ப விடு."

"பிடிக்கச் சொல்றதும் நீதான், விடச் சொல்றதும் நீதான். சின்ன வயசுலேர்ந்து இதே அதிகாரம்க்கா" என்றான் தம்பி.

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் நாளுக்கு அறுபது பேரிடம் அவள் சொல்லுகிற வார்த்தைதான். இன்றைக்குத் தம்பியிடம் சொன்னாள்.

மூன்று நாளைக்கு முன்னால், பெட்டியைத் தூக்கும்போது அவனுடைய வலது நுரையீரல் சுருங்கிவிட்டது. விலாவில் குழாய் போட்டு, நுரையீரலிலிருந்து கசிந்து அதையே அமுக்கிய காற்றை வெளியே எடுத்தார்கள். குழாயின் அடுத்த நுனியில் இருந்த பாட்டிலைக் கூஜா மாதிரி கையில் தூக்கிக்கொண்டு நின்றான்.

திரையில் படம் வந்தது. கசங்கிய துணியாய்க் கிடந்த நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது.

விரிந்ததால்தான் தெரிந்தது. மேல்பக்கத்தில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வெள்ளை.

"என்னக்கா, எப்படி இருக்கு?"

"நல்லா விரிஞ்சிருக்குடா."

பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னாள்.

டாக்டர் வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அவளுக்கு ஒரு யுகம் போயிற்று.

"கட்டியா இருக்கலாம். பழைய தழும்பாவும் இருக்கலாம். முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா? அப்பவும் இதே அளவுல இருந்துச்சுன்னா அவ்வளவா பயப்பட வேண்டாம்."

இருந்தது. வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி வந்து நின்றான். வெளியே இருபது பேர் வரிசையில். "கூடப் பிறந்தவ உள்ள இருக்கா, நான் ஏன் வரிசையில நிக்கணும்?" என்றான். பக்கத்துக் கதவு வழியாக உள்ளே இழுத்து, யாரும் சத்தம் போடுவதற்குள் படத்தை எடுத்து, முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பினாள்.

கணினியில் அவன் பெயரை அடித்தாள்.

இத்தனை வருஷத்தில், படம் திறக்கும்போதெல்லாம் எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறாள். இன்றைக்கு, இருக்கணும் என்று கெஞ்சினாள். அதே இடத்தில், அதே அளவில் இருக்கணும்.

படம் திறந்தது.

இது வலது பக்கம் என்று காட்ட, தோளுக்கு வெளியே ஓரமாக ஈயத்தில் செய்த ஒரு எழுத்தை வைப்பார்கள். படம் எடுத்தவரின் முதலெழுத்தும் அதோடு இருக்கும். ஈயத்துக்குப் பின்னால் எது இருந்தாலும் படத்தில் தெரியாது.

அன்றைய அவசரத்தில் அது ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்திருந்தது.

"என்னம்மா, அப்ப இருந்துச்சா, இல்லையா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சரியாக அந்த இடத்தின் மேல், வெள்ளை வெளேரென்று, அவள் பெயரின் முதலெழுத்து.