திருப்திச் சான்று

வயரிங் முடிந்து மூன்று நாளாகியும் எலக்ட்ரீஷியன் செபஸ்தியானுக்குக் கூலி வரவில்லை. வீட்டுக்காரர் முகத்தில் திருப்தி தெரிந்தால்தான் சுவரிலுள்ள கருவி சான்று கொடுக்கும். மனைவியைப் பறிகொடுத்துப் பதினோரு நாளான வேதாசலத்தின் முகத்திலோ பசிகூடத் தெரியவில்லை.

"உன் வேலை சுத்தம் தம்பி. என் மூஞ்சிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

"விடுங்க சார். ஒரு வீட்டுல மெயினை அணைக்காம ஒயரைத் தொட்டேன். தூக்கி அடிச்சதுல இட்லி மாவுல போய் உட்கார்ந்துட்டேன். அந்த வீட்டம்மா நிதானமா, 'பொடி வேணுமா, சட்னி வேணுமா?'ன்னாங்க."

வேதாசலம் குபீரென்று சிரித்துவிட்டார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. செபஸ்தியானின் போனில் கூலி வந்து விழுந்தது.

வேதாசலம் பதறி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்குள்ள சிரிச்சிட்டேனே, தம்பி."

செபஸ்தியான் பையை எடுத்துக்கொண்டான். போகத்தான் கால் வரவில்லை.